சங்கரய்யா எம்எல்ஏவாக என்ன செய்தார்? சிறைக் கதை தவிர வேறு தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

மாடக்குளம் பொண்ணு

வணக்கம். மதுரையில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன். சட்டமன்ற உறுப்பினராகவும் ஒரு கட்சியின் தலைவராகவும் இருந்த யாராவது ஒருவரைப் பற்றி செமினார் எடுக்க வேண்டும். வகுப்பில் காமராஜர், அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர். எல்லோரையும் ஆளுக்கொருவராக எடுத்துக்கொண்டார்கள். நான் மார்க்சிஸ்ட் கட்சியின் என். சங்கரய்யாவை எடுத்தேன்.

தேட ஆரம்பித்த பிறகுதான் சிக்கல். எதைப் படித்தாலும் அதே நாலு விஷயம். அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. இறுதித் தேர்வுக்கு 15 நாள் முன்னால் 1941இல் கைது. 1947 ஆகஸ்ட் 14 அன்று விடுதலை. 2021இல் முதல் தகைசால் தமிழர் விருது, அதில் கிடைத்த 10 லட்சம் ரூபாயை முதல்வர் நிவாரண நிதிக்கே கொடுத்தது. 2023இல் காமராசர் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுக்க முடிவு செய்தும் ஆளுநர் ஒப்புதல் தராதது. எல்லாம் சரி. ஆனால் மூன்று முறை எம்எல்ஏ, ஏழு வருஷம் மாநிலச் செயலாளர் என்பதை மட்டும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது? மதுரைக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அவைக்குறிப்பு

முதலில் எலும்புக்கூட்டைத் தருகிறேன், சதையை மற்றவர்கள் வைக்கட்டும்.

1967 மதுரை மேற்கு. 1977 மதுரை கிழக்கு. 1980 மறுபடியும் மதுரை கிழக்கு. 67இல் கட்சியின் சட்டமன்றக் குழுத் துணைத் தலைவர், 77லும் 80லும் தலைவர். 1995 முதல் 2002 வரை மாநிலச் செயலாளர்.

உங்கள் செமினாருக்கு உதவும் ஒன்று: இந்த மூன்றில் ஒரு சட்டமன்றம்கூட ஐந்து வருஷத்தை முழுசாக ஓட்டவில்லை. 67இல் அமைந்ததைக் கலைஞர் 1971 ஜனவரியில் முன்கூட்டியே கலைத்துத் தேர்தலுக்குப் போனார். 77இல் அமைந்ததை 1980 பிப்ரவரியில் மத்திய அரசு கலைத்தது. 80இல் அமைந்தது 1984 நவம்பரில் கலைந்து, மக்களவைத் தேர்தலோடு சேர்த்துத் தேர்தல் நடந்தது. கூட்டிப் பார்த்தால் சங்கரய்யா எம்எல்ஏவாக இருந்தது சுமார் 11 வருஷம். சிறையில் ஏறக்குறைய 8 வருஷம், தலைமறைவாக 3 வருஷம் என்பார்கள். அதுவும் 11தான்!

நடுநிலை நக்கல்

நானும் மதுரைதான். தியாகி, எளிமையானவர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேள்வி அரசியல் வாழ்க்கை பற்றித்தானே? அப்படியானால் இதையும் எழுதுங்கள். 67இல் ஜெயித்தது திமுக தயவில். 77, 80இல் எம்.ஜி.ஆர். தயவில். 71இல் தனியாக நின்றார்கள், கட்சிக்கே ஒரு சீட் வரவில்லை. அடுத்தவர் தோளில் ஏறித்தான் கோட்டைக்குப் போனார்கள். இதைச் சொன்னால் தோழர்களுக்குக் கோபம் வரும்.

ஹார்வி மில் வாரிசு

கோபம் வரவில்லை தம்பி. நான் கட்சிக்காரனும் இல்லை. எங்கப்பா கட்சிக் கிளையில் இருந்தார், மதுரை மில்லில் வேலை. ஊரில் இன்றைக்கும் ஹார்வி மில் என்றால்தான் தெரியும். நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன், ஓட்டை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு சின்னத்துக்குப் போட்டவன். அதனால் கேட்டதையும் பார்த்ததையும் சொல்கிறேன்.

அம்மா, முதலில் ஒன்று. தோழர்கள் அவரை என்.எஸ். என்பார்கள். பி. ராமமூர்த்தி பி.ஆர். பழைய கட்சிக்காரர்கள் யாரிடமாவது பேசப் போனால் இந்த எழுத்துகள்தான் காதில் விழும்.

67 தேர்தலை மதுரைக்காரன் கண்ணால் பார்க்க வேண்டும். அப்போது நான் சின்னப் பையன், எனக்கு ஊர்வலமும் கோஷமும்தான் ஞாபகம், மற்றதெல்லாம் அப்பா சொன்னது. மதுரை மக்களவைத் தொகுதியில் பி.ஆர். ஜெயித்தார். மதுரை கிழக்கில் கே.பி. ஜானகியம்மாள். மேற்கில் என்.எஸ். ஒரே ஊரில் ஒரு எம்பி, இரண்டு எம்எல்ஏ, மூன்றும் செங்கொடி. கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்து மூன்றே வருஷம் ஆகியிருந்தது. 1964இல் தேசியக் கவுன்சிலை விட்டு வெளியே வந்த 32 பேரில் என்.எஸ். ஒருவர். 65இல் சிறை. வெளியே வந்து மூச்சு விட்டதும் தேர்தல்.

ஜானகியம்மாளை இங்கே ஏன் இழுக்கிறேன் என்றால், அந்த அம்மா நாடக மேடையில் பாடி நடித்துப் பேர் வாங்கியவர். பாட்டில் சம்பாதித்ததையெல்லாம் இயக்கத்துக்குக் கொடுத்துவிட்டவர். கட்சி மேடையில் அவர் பாடி முடித்த பிறகுதான் பேச்சு என்று அப்பா சொல்வார். 67 மதுரை பற்றி எழுதிவிட்டு அவரை விட்டால் பாதிதான் எழுதினதாக ஆகும்.

நக்கல் தம்பி சொன்ன ‘திமுக தயவு’ உண்மைதான். அந்தக் கூட்டணியின் வேடிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் அதே கூட்டணியில் இருந்தது. 1952இல் முதலமைச்சராக வந்ததும் கம்யூனிஸ்டுகளுக்கு நான்தான் முதல் எதிரி என்று அறிவித்த அதே ராஜாஜி. 15 வருஷம் கழித்து, காங்கிரசை இறக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள். காங்கிரஸ் ஆட்சியில் சிறைக்குப் போய் வந்தவருக்கு அது கசப்பான கூட்டாகத் தோன்றியிருக்காது என்பது என் அனுமானம்.

ஆனால் கசப்பு அப்புறம் வந்தது. ஆட்சி அமைந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் செங்கொடிச் சங்கத்துக்காரர்கள். யாரை ஆட்சியில் உட்காரவைக்க ஓட்டுக் கேட்டார்களோ அந்த ஆட்சியில் தங்கள் சங்கத்து ஜனங்களுக்கு இது நடக்கிறது. அந்த அவையில் எதிரே உட்கார்ந்து பேச வேண்டிய இடத்தில் என்.எஸ். இருந்தார். எம்எல்ஏவாக என்ன செய்தார் என்று கேட்டாயே, நீ தோண்ட வேண்டியது இந்த இடம்தான். 1969இன் அவைப் பேச்சுகளைப் படி. எந்தப் பத்திரிகையின் இரங்கல் கட்டுரையும் இதற்கு ஈடாகாது.

சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைச் சொல்கிறேன்.

நடுநிலை நக்கல்

சரிண்ணே, காத்திருக்கேன். 80 பற்றிச் சொல்லுங்க. எம்.ஜி.ஆர். மதுரை மேற்கில் நின்ற தேர்தல் அது.

ஹார்வி மில் வாரிசு

80 எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்த ஜனவரியில் மக்களவைத் தேர்தலில் எம்.ஜி.ஆர். கட்சிக்கு 39இல் 2தான் கிடைத்தது. அடுத்த மாதமே ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். எம்.ஜி.ஆர். கதை முடிந்தது என்று டீக்கடையில் பந்தயம் கட்டினவர்களை எனக்குத் தெரியும். அந்த நேரத்தில்தான் மார்க்சிஸ்ட் கட்சி அவரோடு நின்றது. ‘தோளில் ஏறினார்கள்’ என்று தம்பி சொல்கிறது 77க்குப் பொருந்தும். 80 மார்ச், ஏப்ரலில் அந்தத் தோளே கீழே கிடந்தது.

மே மாதத் தேர்தலில் மதுரை மேற்கில் எம்.ஜி.ஆர்., கிழக்கில் என்.எஸ். எங்கள் பக்கம் ஒரு தெருவில் சுவர் பிடிக்க வந்தவர்கள் முழுக்க இரட்டை இலைப் பையன்கள். கூட்டணி தர்மம், அவர்களே நமக்கும் வரைந்து தருகிறார்கள் என்று அப்பாவுக்குப் பெருமை. காலையில் போய்ப் பார்த்தால் சுவர் நீளத்துக்குக் கதிர் அரிவாள்! அது வலது கம்யூனிஸ்ட், அதாவது இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் சின்னம். அவர்களும் அந்தத் தேர்தலில் எம்.ஜி.ஆர். கூட்டணிதான், ஆனால் இந்தத் தொகுதியில் நிற்பது அரிவாள் சுத்தியல் நட்சத்திரம். பையன்களுக்கு இரண்டும் ஒன்று. “எல்லாம் அருவாதானண்ணே” என்றான் ஒருத்தன். அப்பா ஒரு வாளி சுண்ணாம்பு கரைத்து, என்னையும் மட்டையோடு இழுத்துக்கொண்டு போய், முழுச் சுவரையும் அழித்து, காய்ந்த பிறகு பக்கத்தில் நின்று புதிதாக வரையவைத்தார். சுத்தியலின் தலை எந்தப் பக்கம், நட்சத்திரம் எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்து. அந்தச் சுவர் அடுத்த மழைக்காலம் வரைக்கும் அப்படியே இருந்தது.

கூட்டணி கட்சிக்கு என்ன கொடுத்தது, என்ன எடுத்தது என்று கேட்டால் நான் அந்தச் சுவரைத்தான் சொல்வேன். ஓட்டு வந்தது. ஓட்டுப் போட்டவனுக்கு யாருக்குப் போட்டோம் என்று தெரிந்ததா என்பது வேறு கேள்வி.

என்.எஸ். பேச்சைத் திலகர் திடலில் கேட்டிருக்கிறேன். ஒலிபெருக்கிக்காரருக்கு அன்றைக்கு வேலை குறைவு. அப்படி ஒரு குரல். அடுக்குமொழி கிடையாது, கதை கிடையாது, சிரிக்கவைக்கவும் மாட்டார். அமெரிக்காவில் ஆரம்பித்து டெல்லி வழியாக முனிச்சாலைக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். திமுக மேடைத் தமிழ் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது கொஞ்சம் வறட்சிதான். ஆனால் புள்ளிவிவரம் இல்லாமல் ஒரு வாக்கியம் சொல்ல மாட்டார். சட்டமன்றத்திலும் அவர் பேச்சு இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் பணம். இதை யாரும் எழுத மாட்டார்கள், உன் செமினாரில் எழுது. அந்தக் கட்சியில் எம்எல்ஏ ஆனால் சம்பளம் தன் பைக்குப் போகாது. கட்சிக்குக் கட்டிவிட வேண்டும். கட்சி முழுநேர ஊழியருக்கு என்ன அலவன்ஸ் கொடுக்கிறதோ அதைத்தான் எம்எல்ஏவுக்கும் கொடுக்கும். எங்கப்பா மில் கூலியில் மாதாமாதம் லெவி, அதாவது கட்சிப் பங்கு கட்டுவார், அம்மா முணுமுணுப்பாள். “எம்எல்ஏவே கட்டுறாரு, நான் கட்டாம இருப்பனா” என்பார். குடும்பத்தில் சண்டை அதோடு நிற்கும் என்று நினைக்காதே, இன்னும் பலமாகும்.

என்.எஸ். வீட்டில் அவர் மனைவி நவமணி அம்மா பள்ளி ஆசிரியை. 1947 செப்டம்பரில் கல்யாணம், சுதந்திரம் வந்த அடுத்த மாதம். அவர் கிறிஸ்தவக் குடும்பம், இவர் இந்துக் குடும்பம். அடுத்த வருஷம் கட்சிக்குத் தடை, இவர் தலைமறைவு. இந்த அரசியல் வாழ்க்கைக்கு வீட்டில் ஒருவர் வேலைக்குப் போனது எவ்வளவு பெரிய முட்டு என்று யோசித்துப் பார். கட்சி வரலாறு எழுதுகிறவர்கள் இதை அரைவரியில் தாண்டிவிடுவார்கள். என்னைக் கேட்டால் அது ஒரு அத்தியாயம்.

அவைக்குறிப்பு

அண்ணன் சொன்ன சம்பள விஷயம் உண்மை, இன்றைக்கும் அதே விதிதான். அதன் விளைவை மதுரையிலேயே பார்க்கலாம். 2001லும் 2006லும் அதே மதுரை கிழக்கில் ஜெயித்த நன்மாறன், 2021இல் குடிசை மாற்று வாரிய வீடு கேட்டு கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார். 2006இல் அவர் ஜெயித்தது 51 ஓட்டில். எம்எல்ஏவாக இரண்டு முறை இருந்தவர் மனு எழுதி வரிசையில் நின்றதை ஊர் முழுக்கப் பேசினார்கள்.

நடுநிலை நக்கல்

எளிமை எளிமை என்று பேசியே தப்பித்துவிடுகிறீர்கள் என்பதுதான் என் வாதம். கட்சித் தலைவராக அவர் எடுத்த முடிவுகளை எடைபோடுங்கள். 1996இல் ஜெயலலிதா எதிர்ப்பு அலை. திமுகவும் மூப்பனாரும் ஒன்றாக நிற்கிறார்கள். வலது கம்யூனிஸ்ட் அங்கே போய் 8 சீட் எடுத்தது. என்.எஸ். தலைமையில் இவர்கள் வைகோவோடு போனார்கள். ஒரே ஒரு சீட். வைகோவே தோற்றார். அதுகூடப் பரவாயில்லை, கொள்கை என்று சொல்லலாம். மூன்றே வருஷத்தில் 1999இல் அதே ஜெயலலிதாவோடு கூட்டணி! 2001லும் அதே. இது எந்தக் கொள்கை?

ஹார்வி மில் வாரிசு

இது நியாயமான கேள்வி தம்பி. அப்பாவும் இதைக் கேட்டார், கிளைக் கூட்டத்திலேயே கேட்டாராம்.

கட்சி சொன்ன பதில் இது: 99இல் திமுக பாஜகவோடு போய்விட்டது. மத்தியில் பாஜகவைத் தடுப்பதுதான் முதல் வேலை, மற்ற கணக்கெல்லாம் அப்புறம். அந்தத் தேர்தலில் மதுரையில் பி. மோகன் எம்பி ஆனார். 2001 சட்டமன்றத்தில் 6 சீட். கணக்கில் லாபம்.

96 முடிவு தப்பு என்பது என் கருத்து. காற்று அடிக்கும் திசை ஊருக்கே தெரிந்திருந்தது. 99 முடிவு அந்த அளவுக்குத் தப்பில்லை, ஆனால் அதற்குக் கொடுத்த விலை கட்சிக்காரன் மனசில் இருக்கிறது. ஊழல் ஒழிக என்று 96இல் சுவரில் எழுதினவன் 99இல் அதே சுவரில் அந்த அம்மா படத்துக்குப் பக்கத்தில் தன் சின்னத்தை வரைய வேண்டும். எங்கப்பா அந்தத் தேர்தலுக்குச் சுவர் பக்கமே போகவில்லை. உண்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போனார். ஓட்டு என்னவோ கட்சிக்குத்தான் போட்டார்.

ஆனால் ஒரு விஷயத்தில் உன்னோடு ஒத்துப்போக மாட்டேன். அந்த ஏழு வருஷத்தை சீட் கணக்கில் மட்டும் அளக்கக் கூடாது. தென் மாவட்டங்கள் எரிந்துகொண்டிருந்த காலம் அது. 1995இல் கொடியன்குளம், தலித் மக்கள் ஊருக்குள் போலீஸ் புகுந்து தாக்கியது. 97 ஜூனில் நம்ம மேலூர் பக்கம் மேலவளவு. தனித்தொகுதியாக்கிய ஊராட்சியில் தலைவராக ஜெயித்த முருகேசனையும் கூட இருந்தவர்களையும் பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். ஓட்டு வேண்டும் என்று நினைக்கிற எந்தக் கட்சியும் அந்த நேரத்தில் வாயைத் திறக்க யோசித்தது. செங்கொடிக் கட்சியின் கிளைகளுக்குள்ளேயே சாதி இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். அந்த நிலைமையில் சாதி விட்டுக் கல்யாணம் செய்யுங்கள் என்று மேடைக்கு மேடை சொன்னவர் என்.எஸ். அவர் குடும்பத்திலேயே சாதி தாண்டி, மதம் தாண்டி நடந்த கல்யாணங்கள் பல. அதனால் யாரும் அவரைப் பார்த்து ‘முதலில் உன் வீட்டில் செய்’ என்று கேட்க முடியவில்லை. ஓட்டு வந்ததா? வரவில்லை. ஆனால் அடுத்த தலைமுறைக் கட்சிக்காரர்கள் தீண்டாமைச் சுவர், கோயில் நுழைவு என்று இறங்கினபோது புதிதாக அடி எடுத்து வைக்க வேண்டியிருக்கவில்லை.

நான் என்.எஸ். பற்றிச் சொல்ல நினைப்பது ஒன்றுதான். அவர் சட்டமன்றத்துக்காக அரசியலுக்கு வந்தவர் இல்லை. கட்சி நில் என்றால் நின்றார். 57லும் 62லும் மதுரையில் தோற்றார், சட்டமன்றம் இல்லாத வருஷங்களில் சங்கத்திலும் கட்சிப் பத்திரிகை தீக்கதிரிலும் வேலை பார்த்தார். அந்தப் பத்திரிகைக்கு ஆரம்ப காலத்துப் பொறுப்பாசிரியர் அவர். 84க்கு அப்புறம் அவர் எம்எல்ஏ இல்லை. அதற்கு 11 வருஷம் கழித்துத்தான் மாநிலச் செயலாளர், எழுபது தாண்டின வயசில். மற்ற கட்சியில் எம்எல்ஏ பதவி போனால் ஆளே காணாமல் போய்விடுவார். அதனால் ‘எம்எல்ஏவாக என்ன சாதித்தார்’ என்று தலைப்பு வைத்தால் உனக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். கட்சி அவரை எங்கெங்கே நிறுத்தியது, அங்கே என்ன செய்தார் என்று வைத்துப் பார். பக்கம் போதாது.

மாடக்குளம் பொண்ணு

ரொம்ப நன்றி ஐயா. சுவர் கதையை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாமா? நக்கல் அண்ணன் சொன்ன 96, 99 முரணையும் வைக்கப் போகிறேன், இல்லாவிட்டால் பேராசிரியரே கேட்பார். இன்னொன்று: எம்.ஜி.ஆர். ஆட்சியில் ரேஷன் கடைக்காக அவர் பேசினார் என்று ஒரு இடத்தில் படித்தேன். அது எவ்வளவு உண்மை?

ஹார்வி மில் வாரிசு

தாராளமாகப் பயன்படுத்து, அப்பா பெயர் மட்டும் வேண்டாம்.

ரேஷன் விஷயம் கட்சிக்காரர்கள் எப்போதும் எடுத்துச் சொல்வது. கிராமம் வரைக்கும் ரேஷன் கடை வேண்டும் என்று அவர் அவையில் வற்புறுத்தினார் என்பார்கள். எந்தத் தேதி, எந்த விவாதம் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். நீ ஆராய்ச்சி மாணவி, நீ தேடு.

அவைக்குறிப்பு

தேடும் வழி இது. சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் தொகுதி தொகுதியாக அச்சில் இருக்கின்றன. ஒவ்வொரு தொகுதியிலும் உறுப்பினர் பெயர் வாரியாக அட்டவணை இருக்கும். 1977 ஜூலையிலிருந்து பட்ஜெட் மானியக் கோரிக்கை (துறைவாரியாகச் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் விவாதம்) நாட்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் பேச்சு உணவுத் துறை மானியத்தில்தான் வரும், கேள்வி நேரத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள். 67-71க்கு விவசாயம், காவல் இரண்டு மானியங்கள். கவர்னர் உரை மீதான விவாதத்தையும் விட்டுவிடாதீர்கள், சின்னக் கட்சிக்காரர்களுக்கு நீளமாகப் பேசக் கிடைக்கும் நேரம் அதுதான்.

அட்டவணையில் ‘சங்கரய்யா’, ‘சங்கரையா’ இரண்டு எழுத்துக்கூட்டலிலும் பாருங்கள். ஜானகியம்மாளையும் தேடுவதாக இருந்தால் ‘கே.பி. ஜானகி’ என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நடுநிலை நக்கல்

71 தேர்தல் முடிவையும் ஒரு பக்கம் சேர்த்துக்கொள் தங்கச்சி. அண்ணன் அதை மட்டும் லேசாகத் தாண்டிட்டாரு.